குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் திடீரென வர முடியாமல் போனால்: பிரிட்டனில் வேலை பார்க்கும் பெற்றோருக்கான முழுமையான விடுப்பு வழிகாட்டி

காலை 6.50 மணிக்குக் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. இரவெல்லாம் வாந்தி, இன்று எந்தப் பிள்ளையையும் வைத்துக்கொள்ள முடியாது, மன்னித்துவிடுங்கள் என்று எங்கள் சைல்ட்மைண்டர், அதாவது தன் வீட்டில் கட்டணத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், எழுதியிருந்தார். மகள் ஷூ மாட்டி, பையை முதுகில் போட்டுக்கொண்டு வாசற்கதவருகே நின்றாள். எனக்கு எட்டு மணிக்கு ஷிப்ட். கணவர் ஐந்தரை மணிக்கே கிளம்பிப் போயிருந்தார். ஊரில் இருந்திருந்தால் எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓடியிருப்பேன். லண்டனில் குடியேறி எட்டு மாதமே ஆகியிருந்த எனக்குச் சுவரைப் பகிர்ந்துகொண்ட பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாது.

அன்று நான் செய்தது தவறு. மேனேஜரை அழைத்து, எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுச் சங்கடத்தை வேலையிடத்தில் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். காய்ச்சல் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாள் திரும்பியபோது என்ன நோய், எப்போது தொடங்கியது என்று எழுதி, அது உண்மை என்று கையெழுத்திடும் படிவத்தை நீட்டினார்கள். கையெழுத்திட்டேன். அதே ஆண்டில் இதேபோல் இன்னும் இரண்டு முறை நடந்தது. அந்த நாட்கள் எல்லாம் என் நோய் விடுப்புக் கணக்கில் சேர்ந்து, வருகைப் பதிவு மோசம் என்று எனக்கு எழுத்துபூர்வமான எச்சரிக்கை வந்தது. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த மூன்று நாட்களுக்கும் சட்டம் எனக்குத் துணை நின்றிருக்கும். உண்மையான காரணத்தைச் சொன்னால்தான் அந்தத் துணை கிடைக்கும் என்பதை மிகத் தாமதமாகத்தான் அறிந்தேன். இங்கே வேலை பார்க்கும் நம் பெற்றோர் யாரும் அந்தப் படிவத்தில் அப்படிக் கையெழுத்திடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன தருகிறது

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொதுவான 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தில் 57ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. நம்மைச் சார்ந்திருப்பவருக்கு ஏதேனும் நேர்ந்தால், வேலை நேரத்தில் நியாயமான அளவு விலகியிருக்க அது அனுமதிக்கிறது. நோய், காயம், மரணம் ஆகியவற்றோடு, சார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொள்வதற்காகச் செய்திருந்த ஏற்பாடு எதிர்பாராமல் தடைபடுவதையும் முடிந்துபோவதையும் அது தனியாகக் குறிப்பிடுகிறது. பள்ளியின் பொறுப்பில் இருக்கும் நேரத்தில் பிள்ளைக்கு எதிர்பாராத சம்பவம் நடந்தால், அதற்கும் தனியே இடம் உண்டு. ஆகவே சைல்ட்மைண்டர் நோயில் விழுவது, ஊழியர் பற்றாக்குறையால் நர்சரி காலையில் ஓர் அறையை மூடிவிடுவது, பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி வழுக்கி விழுந்து மருத்துவமனைக்குப் போவது ஆகிய எல்லாமே இதற்குள் வரும்.

நர்சரி ஏன் இப்படித் திடீரென அறையை மூடுகிறது என்று பல பெற்றோர் கோபப்படுகிறார்கள். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஓர் ஊழியரும், இரண்டு வயதுக் குழந்தைகள் ஐந்து பேருக்கு ஓர் ஊழியரும் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. காலையில் இரண்டு ஊழியர் வரவில்லையென்றால் நிர்வாகத்துக்கு வேறு வழி இல்லை. இந்தக் காரணத்தைத் தெரிந்து வைத்திருப்பது, மேனேஜரிடம் விளக்கும்போது உதவும்.

இந்த உரிமை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. பகுதிநேர வேலைக்கும் உண்டு. தாய்க்கு மட்டும் உரியதும் அன்று. "உங்கள் மனைவி பார்த்துக்கொள்ள முடியாதா?" என்று கேட்கும் மேனேஜர்கள் இருக்கிறார்கள், நம் ஆண்களில் பலரும் அந்தக் கேள்விக்கு அஞ்சியே வாய் திறப்பதில்லை. அன்றைய நாளில் யார் விலகுவது அவசியம் என்பதுதான் சட்டத்தின் கேள்வி. அதற்கு நேர்மையான விடை தந்தையாக இருந்தால், உரிமையும் தந்தையுடையதே.

இரண்டு எல்லைகளை இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதலாவது, இந்த நேரத்துக்குச் சம்பளம் தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சில நிறுவனங்கள் ஆண்டுக்குச் சில நாட்கள் சம்பளத்தோடு தருகின்றன என்பதால், உங்கள் ஒப்பந்தத்தையும் ஊழியர் கையேட்டையும் அமைதியான ஒரு நாளில் படித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இந்த உரிமை சட்டப்படி ஊழியர் என்ற நிலையில் இருப்பவருக்கே உண்டு. ஏஜென்சி மூலம் ஷிப்ட் எடுப்பவர், டெலிவரி ஓட்டுபவர், சுயதொழில் என்று பதிவு செய்யப்பட்டவர் ஆகியோரில் பெரும்பாலோருக்கு இது பொருந்தாது. முதியோர் இல்லங்களிலும் கடைகளிலும் இப்படி வேலை பார்க்கும் நம்மவர் ஏராளம். அவர்கள் தங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பெயரைவிட வேலை நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதே சட்டத்தின் பார்வையில் முக்கியம்.

முதல் படி: தேடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

செய்தி வந்தவுடன் மேனேஜரை அழைப்பதா, மாற்று ஏற்பாடு தேடுவதா என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். ஷிப்ட் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், முதல் இருபது நிமிடத்தைத் தேடலுக்குக் கொடுங்கள். கணவனோ மனைவியோ தாமதமாகப் போக முடியுமா, தெரிந்த குடும்பம் அரை நாளாவது வைத்துக்கொள்ளுமா, நர்சரியின் இன்னொரு கிளையில் இடம் இருக்கிறதா என்று மூன்று நான்கு அழைப்புகள் போதும். யாரை எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், என்ன விடை வந்தது என்பதைக் கைப்பேசியில் ஒரே ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். சைல்ட்மைண்டரின் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எழுத்து ஆதாரம் காட்டியே ஆகவேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை. ஆனாலும் மூன்று மாதம் கழித்து யாராவது சந்தேகப்பட்டால், நினைவைவிட அந்தக் குறிப்பு உறுதியாக நிற்கும்.

நேரம் மிகக் குறைவாக இருந்தால் தேடலை ஒதுக்கிவிட்டு முதலில் வேலையிடத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: காரணத்தையும் கால அளவையும் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் சட்டம் தரும் பாதுகாப்பு இரண்டு நிபந்தனைகளில் தொங்குகிறது. நடைமுறையில் எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், ஏன் வர முடியவில்லை என்ற காரணத்தை முதலாளிக்குச் சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு காலம் வர முடியாது என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். வேலைக்குத் திரும்பிய பிறகுதான் காரணத்தைச் சொல்ல முடிந்தது என்ற அளவுக்கு நிலைமை இருந்தால் மட்டும் இரண்டாவதற்கு விலக்கு உண்டு. 'குடும்பப் பிரச்சினை', 'சொந்தக் காரணம்' என்று மூடி மறைத்துச் சொன்னால் காரணம் சொன்னதாகவே ஆகாது.

2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. பிரசவத்துக்காகத் துணைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற ஒருவர், தானே வேலையிடத்துக்குத் தகவல் சொல்லத் தவறிவிட்டார். கைப்பேசியின் பேட்டரி தீர்ந்துபோனதாக அவர் சொன்னார். வேறு வழியில் தொடர்புகொண்டிருக்க முடியும் என்று கருதிய தீர்ப்பாயம், அவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று முடிவு செய்தது. பிரசவம் போன்ற நிகழ்வுக்கே நிலைமை அதுவென்றால், நம் நர்சரிச் சிக்கலுக்கு என்ன விடை வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே அழைத்து யாரும் எடுக்கவில்லை என்றால் குரல் செய்தி விடுங்கள். அதோடு ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்புங்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய சொற்கள் தேவையில்லை. சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; ஓர் ஏற்பாடு இருந்தது, அது குலைந்துவிட்டது, அதைச் சரிசெய்ய நேரம் வேண்டும் என்ற மூன்றும் விளங்கினால் போதும். நான் இப்போது அனுப்பும் செய்தியின் வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"காலை வணக்கம். என் மகளின் சைல்ட்மைண்டர் உடல்நலமின்றி இருப்பதாக இன்று காலை 6.50 மணிக்குத் தகவல் அனுப்பினார். என் கணவரும் நண்பர்கள் இருவரும் உதவ முடியாத நிலையில் இருக்கிறார்கள். மாற்று ஏற்பாடு செய்ய எனக்கு இன்று ஒரு நாள் தேவைப்படுகிறது. சார்ந்திருப்போருக்கான அவசர விடுப்பாக இதைப் பதிவு செய்யுங்கள். நாளை காலை எட்டு மணிக்கு வருவேன் என்று எதிர்பார்க்கிறேன். மாற்றம் இருந்தால் இன்று மாலை நான்கு மணிக்குள் சொல்கிறேன்."

இதில் மன்னிப்புக் கேட்கும் வரி இல்லை என்பதைக் கவனியுங்கள். நம்மில் பலர் செய்தியை மன்னிப்பிலேயே தொடங்கி, நடுவில் காரணத்தைத் தொலைத்து, 'வர முயற்சி செய்கிறேன்' என்று முடித்துவிடுவோம். படிக்கும் மேனேஜருக்கு இவர் வருவாரா மாட்டாரா என்பதே விளங்காது. ஷிப்ட் பட்டியலில் ஆள் நிரப்ப வேண்டிய அவருக்குத் தேவை ஒரு தெளிவான நேரம்தான். மாலை நான்கு மணிக்குள் சொல்கிறேன் என்று எழுதினால், அந்த நேரத்துக்குள் சொல்லியே தீருங்கள்; உங்கள் சொல்லின் மேல் அவருக்கு வரும் நம்பிக்கை அடுத்த முறை உங்களுக்கே கைகொடுக்கும்.

மூன்றாம் படி: கிடைத்த நேரம் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். இந்த விடுப்பு, பிள்ளையோடு வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வதற்காகத் தரப்படுவது அன்று. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஏற்பாடு செய்வதற்காகத் தரப்படுவது. ஏற்பாடு செய்யும் வரை பிள்ளை உங்களிடம்தான் இருக்கும் என்பதால் முதல் நாளில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். மூன்றாம் நாளில் வேறுபாடு துலங்கிவிடும்.

எத்தனை நாள் என்று சட்டம் எண் குறிப்பிடவில்லை. 'நியாயமான அளவு' என்று மட்டும் சொல்கிறது. ஒன்றிரண்டு நாட்கள் என்பது பெரும்பாலான சந்தர்ப்பங்களில் கேள்வியின்றிப் போகும். ஒரு மாதம் என்பது அனேகமாக எந்தச் சந்தர்ப்பத்திலும் இதற்குள் அடங்காது என்று 2007ஆம் ஆண்டு ஒரு தீர்ப்பில் சொல்லப்பட்டது. ஒரு சட்ட அலுவலகத்தில் செயலராக இருந்த தனித்தாய் ஒருவர், மகனின் தொடர் உடல்நலக் குறைவால் சில மாதங்களில் 17 நாட்கள் வராமல் போய்ப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2003இல் அந்த வழக்கை ஆராய்ந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இரண்டு முக்கியமான கருத்துகளைச் சொன்னது. உடனடி நெருக்கடியைத் தாண்டி, பிள்ளையைத் தானே இருந்து பராமரிப்பதற்கு இந்தப் பிரிவு இடம் தராது என்பது ஒன்று. எவ்வளவு நேரம் நியாயம் என்று பார்க்கும்போது, முதலாளிக்கு ஏற்பட்ட சிரமத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது மற்றொன்று. முதல் கருத்து நமக்குக் கடிவாளம். இரண்டாவது நமக்குக் கேடயம். "இன்று ஏற்கெனவே மூன்று பேர் லீவு" என்று மேனேஜர் சொல்வது அவருக்கு உண்மையான சிரமம்தான் என்றாலும், உங்கள் உரிமையைக் குறைக்கும் காரணம் ஆகாது.

எனவே கால அளவை ஊகிக்கும்போது நிலைமைக்கு ஏற்ற விடை வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ என்றால், கடைசியாக ஏற்பட்டதிலிருந்து 48 மணி நேரம் ஆகும் வரை பிள்ளையை நர்சரிக்கு அனுப்பக்கூடாது. சைல்ட்மைண்டருக்கும் அதே விதிதான். ஆகவே திங்கள் காலை செய்தி வந்தால், புதன் வரை அவர் திறக்கமாட்டார் என்று முதல் மணி நேரத்திலேயே கணக்கிடலாம். சின்னம்மை என்றால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை, அதாவது குறைந்தது ஐந்து நாட்கள். இவ்வளவு நீண்ட காலத்துக்கு அவசர விடுப்பு மட்டும் போதாது; முதல் ஒன்றிரண்டு நாட்களை அவசர விடுப்பாகவும், மீதியைக் கணவன் மனைவி இருவரும் பகிர்ந்துகொள்ளும் ஆண்டு விடுமுறையாகவும் பிரித்துத் திட்டமிடுங்கள். நர்சரி நிரந்தரமாக மூடப்பட்டது என்றால் மேனேஜரோடு அமர்ந்து ஒரு வாரத் திட்டம் ஒன்றை எழுதிக்கொள்வதுதான் வழி.

நான்காம் படி: அன்றைய பகலை வீணாக்காமல் மாற்று ஏற்பாடு தேடுங்கள்

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்யவேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் உங்கள் நிறுவனத்தில் அவசரக் குழந்தைப் பராமரிப்பு என்ற சலுகை இருக்கிறதா என்று எச்.ஆர். பிரிவைக் கேளுங்கள், பெரிய நிறுவனங்கள் சில, ஆண்டுக்குச் சில நாட்களுக்கு இதற்கான கட்டணத்தைத் தாங்களே ஏற்கின்றன. அடுத்து உங்கள் சைல்ட்மைண்டரையே கேளுங்கள். ஒரே பகுதியில் இருக்கும் சைல்ட்மைண்டர்கள் ஒருவருக்கொருவர் பழக்கமானவர்கள். தங்களிடம் வரும் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இங்கிலாந்தில் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்கு உட்பட்ட ஆறு பிள்ளைகளைத்தான் வைத்துக்கொள்ளலாம், அதிலும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பொதுவாக மூன்று பேர்தான் என்பதால், இடம் இல்லை என்ற விடைக்கும் தயாராக இருங்கள்.

தெரிந்த அக்கா ஒருவர் வீட்டில் காசு கொடுத்து விடலாமா என்ற கேள்வி நம்மவரிடம் அடிக்கடி எழும். நட்புக்காக ஒரு நாள் பார்த்துக்கொள்வதில் தடை இல்லை. அவர் தன் வீட்டில், எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்தால், இங்கிலாந்தில் பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஊரில் இல்லாத விதி என்பதால் பலர் அறியாமலே மீறிவிடுகிறார்கள். உங்களுக்கு உதவ வந்தவருக்கு அதனால் தொல்லை வரக்கூடாது.

முன்பே தெரிந்திருந்தால்?

எதிர்பாராமல் என்ற சொல்லின் பொருளைப் பற்றி நமக்கு மிகவும் உதவும் ஒரு வழக்கு உண்டு. 2006 டிசம்பர் 8ஆம் தேதி, ஒரு வங்கியில் பகுதிநேரமாக வேலை பார்த்த தாய்க்கு, அந்த மாதம் 22ஆம் தேதி சைல்ட்மைண்டர் வரமாட்டார் என்று தெரியவந்தது. அவர் தேடிப் பார்த்தார், யாரும் கிடைக்கவில்லை. வங்கி விடுப்பு தர மறுத்தது. அவர் அன்று வேலைக்கு வரவில்லை, எச்சரிக்கை கொடுத்தார்கள். இரண்டு வாரம் முன்பே தெரிந்த ஒன்று எப்படி எதிர்பாராதது ஆகும் என்பது வங்கியின் வாதம். 2008இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. எதிர்பாராதது என்பது அந்தத் தகவலை அறிந்த கணத்தைப் பொறுத்தது. திடீரென நடந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்றது. ஆனால் இடையில் கிடைக்கும் காலம் நீள நீள, விடுப்பு அவசியம்தான் என்று காட்டுவது கடினமாகும். அந்தத் தாய் வென்றது, அந்த இரண்டு வாரமும் தேடினார் என்பதால்.

இதை நம் வீடுகளின் நிலைமையோடு பொருத்திப் பார்க்கவேண்டும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அம்மாவையோ மாமியாரையோ வருகையாளர் விசாவில் அழைத்து, பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் குடும்பங்கள் அநேகம். குறுகிய காலம் வந்து தங்கும் பாட்டி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, அது சம்பளத்துக்குச் செய்யும் வேலையாக ஆகாத வரையில், விதிகளுக்கு உட்பட்டதே. ஆனால் அந்த விசாவில் ஒரு வருகைக்குப் பொதுவாக ஆறு மாதம்தான் தங்க முடியும். திரும்பும் தேதி டிக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். அவர் விமானம் ஏறிய மறுநாள் அவசர விடுப்பு கேட்டால், அந்தக் கோரிக்கை நிற்காது. அதே பாட்டி ஊர் திரும்ப இரண்டு மாதம் இருக்கும்போது குளியலறையில் விழுந்து கையை முறித்துக்கொண்டால், அன்று உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆகவே அம்மா வந்து இறங்கும் வாரத்திலேயே, அவர் திரும்பும் தேதிக்குப் பிந்தைய முதல் திங்கட்கிழமையிலிருந்து நர்சரியில் இடம் கேட்டு எழுதி வையுங்கள். பல இடங்களில் காத்திருப்புப் பட்டியலே பல மாதம் நீளும்.

சம்பளமும் விசாவும்

மேனேஜர் சில நேரம், "இதை ஆண்டு விடுமுறையில் போட்டுவிடுகிறேன்" என்று சொல்வார். சம்பளம் குறையக்கூடாது என்று நீங்களே விரும்பினால் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். விரும்பாவிட்டால், அன்று காலையிலேயே உங்கள் மீது அதைத் திணிக்க முடியாது. ஊழியரை ஆண்டு விடுமுறை எடுக்கச் சொல்லும் முதலாளி, அந்த விடுமுறையைப் போல இரு மடங்கு நாட்கள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு வேலை நேர விதி. என் அனுபவத்தில், ஒன்றிரண்டு மணி நேரத்தில் சிக்கல் தீர்ந்துவிடும் என்றால், பின்னொரு நாளில் அந்த நேரத்தை ஈடுசெய்கிறேன் என்று கேட்பதே இரு தரப்புக்கும் சிறந்தது.

ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. ஒரு நாட்காட்டி ஆண்டில் சம்பளமில்லாமல் மொத்தம் நான்கு வாரத்துக்கு மேல் வேலையில் இல்லாவிட்டால் ஸ்பான்சர்ஷிப்பே, அதாவது விசாவுக்கு முதலாளி தரும் ஆதரவே, பாதிக்கப்படலாம். பேறுகால விடுப்பு, சட்டபூர்வப் பெற்றோர் விடுப்பு, நோய் விடுப்பு போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. ஒன்றிரண்டு அவசர நாட்களால் விசாவுக்கு ஆபத்து இல்லை. பயந்து உரிமையை விட்டுவிட வேண்டாம். சம்பளமில்லாத நாட்களை ஆண்டு முழுவதும் ஒரு தாளில் கூட்டி மட்டும் வாருங்கள்.

மறுத்தால், தண்டித்தால்

முதலில் அமைதியாக எழுத்தில் கேளுங்கள்: இன்ன தேதியில், இன்ன காரணத்துக்காக, இன்ன நேரத்தில் தகவல் சொன்னேன், சட்டப் பிரிவு 57ஏவின்படி எனக்கு உரிமை உண்டு, மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள். பல மறுப்புகள் அறியாமையால் வருபவை. இந்த ஒரு மின்னஞ்சலைக் கண்டதும் எச்.ஆர். பிரிவே திருத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தீராவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் நடைமுறைப்படி முறையீடு கொடுங்கள். யூனியனில் இருந்தால் பிரதிநிதியை அழையுங்கள்.

இந்த விடுப்பை எடுத்ததற்காக எச்சரிக்கை தருவது, பதவி உயர்வைத் தடுப்பது, ஷிப்டுகளைக் குறைப்பது போன்றவை அதே சட்டத்தின் 47சி பிரிவுக்கு எதிரானவை. இதற்காகவே வேலையிலிருந்து நீக்கினால், 99ஆம் பிரிவின்படி அது தன்னியல்பாகவே நியாயமற்ற பணிநீக்கம். அந்த வழக்கைத் தொடுக்க எத்தனை ஆண்டு வேலை பார்த்தீர்கள் என்பது கணக்கில் வராது. தீர்ப்பாயத்துக்குப் போகும் முன், வேலையிடத் தகராறுகளைத் தீர்க்க உதவும் ஏகாஸ் அமைப்பிடம் சமரசத்துக்குப் பதிவு செய்யவேண்டும். அவர்களுடைய உதவி எண் 0300 123 1100. தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கக் கட்டணம் இல்லை. இருந்த கட்டணத்தை 2017இல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று நீக்கிவிட்டது. காலக்கெடுவில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். நெடுங்காலமாக இருந்துவரும் மூன்று மாதக் கெடுவை ஆறு மாதமாக நீட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது என்றாலும், உங்கள் மனத்தில் மூன்று மாதம் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு நாள் குறைவாக.

அடிக்கடி நடந்தால்

எத்தனை முறை என்ற வரம்பு சட்டத்தில் இல்லை. ஆனாலும் ஒரே சைல்ட்மைண்டர் மாதத்துக்கு இரண்டு முறை கைவிட்டால், அது எதிர்பாராதது என்று சொல்வது நாளடைவில் நமக்கே கூசும். முதலாளியும் கேட்கத் தொடங்குவார். அப்போது வேறு வாசல்களைத் தட்டவேண்டும். வேலை நேரத்தை மாற்றக் கோரும் உரிமை 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே கிடைக்கிறது. 12 மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம், இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். குழந்தைப் பராமரிப்பின் பாரம் இன்றும் பெண்கள் மீதே அதிகம் விழுகிறது என்பதைத் தீர்ப்பாயங்கள் தாமாகவே கணக்கில் கொள்ளவேண்டும் என்று, வார இறுதி வேலை மறுத்த ஒரு செவிலியரின் வழக்கில் 2021இல் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆகவே தாய் ஒருவர் வைக்கும் இத்தகைய கோரிக்கையை நிறுவனம் எளிதில் தள்ளிவிட முடியாது.

பள்ளி விடுமுறை போன்ற, முன்கூட்டியே தெரிந்த நாட்களுக்குச் சம்பளமில்லாத பெற்றோர் விடுப்பு இருக்கிறது: பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை மொத்தம் 18 வாரம், பொதுவாக ஆண்டுக்கு நான்கு வாரம் வரை, 21 நாள் முன்னறிவிப்போடு. பிள்ளைக்கு மாற்றுத்திறனோ மூன்று மாதத்துக்கு மேல் நீளும் நோயோ இருந்தால், 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பராமரிப்பாளர் விடுப்புச் சட்டத்தின்படி ஆண்டுக்கு இன்னும் ஒரு வாரம் கேட்கலாம்.

இன்றிரவே செய்ய வேண்டிய சில

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மேலே மேனேஜரின் எண்ணும், அவர் எடுக்காவிட்டால் அழைக்கவேண்டிய இன்னொருவரின் எண்ணும் இருக்கின்றன. அதன் கீழே, ஒரு நாள் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்ட மூன்று குடும்பங்கள். அவர்களில் ஒருவர் எதிர்த்தெருவில் இருக்கும் மகளின் வகுப்புத் தோழியின் தாய், அவருடைய பிள்ளையை நாங்கள் இரண்டு முறை வைத்திருந்திருக்கிறோம். அடுத்த வரியில் மகளுக்கு ஒவ்வாத உணவு, மருத்துவரின் எண், இன்ஹேலர் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பது. இந்த மூன்று குடும்பங்களின் பெயரையும் மகளை அழைத்துச் செல்லலாம் என்று நர்சரியில் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டோம். அனுமதிப் பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் அவர்கள் பிள்ளையை ஒப்படைக்கமாட்டார்கள்.

சைல்ட்மைண்டரோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவர் நோயால் திறக்காத நாட்களுக்கும் கட்டணம் கட்டவேண்டுமா என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வேறுபடும். சம்பளமும் போய் அந்தக் கட்டணமும் போனால் ஒரு நாளின் இழப்பு இரட்டிப்பாகும் என்பதால், அந்த ஒரு வரியை மாற்றித் தரும்படி ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கேளுங்கள். எங்கள் சைல்ட்மைண்டர் கேட்டவுடன் ஒப்புக்கொண்டார்.

மேலே சொன்ன செய்தியின் ஆங்கில வடிவத்தையும் இன்றே தட்டச்சு செய்து, கைப்பேசியில் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் காரணத்தையும் மட்டும் காலையில் நிரப்பினால் போதும். வாசலில் பிள்ளை ஷூ மாட்டி நிற்கும்போது வாக்கியம் யோசிக்க வராது.